கருங்கல் தீவில் ஒரு நாள்

இந்துமாக்கடலின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே 800 கிலோமீட்டருக்கும் அப்பால், நீர்மேல் இட்ட மிளகைப்போலக் கிடக்கின்றது மொரீசியஸ் தீவு. வடக்குத் தெற்காக 65 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர். காலையில் ஒரு கரையிலிருந்து புறப்பட்டவன் மாலைக்குள் மறுகரையைக் கண்டு மீளலாம். கடலடியிலிருந்து பொங்கி எழுந்த எரிமலைகளே இத்தீவாயின. சுற்றிலும் பவளப் பாறை வேலி. நடுவே குளிர்ந்த மேட்டுநிலம். எங்கு நோக்கினும் கரும்பு. வெண்மணற் கடற்கரையை நாடி உலகத்துச் செல்வர்கள் இங்கே வருகின்றனர். நான் தனியே சுற்றிய அந்த ஒரு நாளில் கடற்கரையில் கால் வைக்கவே இல்லை; ஆயினும் கண்கொள்ளாக் காட்சிகள் பல கண்டேன். நம்போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பத்தார் அறிய வேண்டிய செய்தி அவற்றுள் ஒன்று உண்டு. அதன்பொருட்டே இக்கட்டுரை.

கரக்பூரில் சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தனுக்குக் கடல் கடந்த உலா எவ்வாறு வாய்த்தது என்று அன்பர்கள் வினவலாம். ரயில்வே பாஸ் கடலைத் தாண்டாது என்பது நாம் அறிந்ததே. என் தமக்கையின் கணவர் சில ஆண்டுகளாக அத்தீவில் ஒரு துணி ஆலையில் பணிபுரிகின்றார். "மாப்பிள்ளை, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அவர் ஆண்டுதோறும் அழைத்ததும், நான் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் ஒன்று கூடின. சென்ற ஆடித் திங்களில் மும்பை சென்று விமானம் ஏறினேன். எட்டு நாள் தங்கியதில் ஒரு நாள் அத்தானுக்கு ஆலையில் வேலை. அக்காளுக்கு வீட்டில் வேலை. கட்டுச்சோறும் குடையும் பெற்றுக்கொண்டு தனியே புறப்பட்டேன்.

சோழமண்டலம் என்றொரு நிலையம்

அக்காள் குடியிருப்பது ரோஸ் ஹில் என்னும் நகரம். அங்கிருந்து தலைநகரான போர்ட் லூயிஸுக்கு மின்வண்டி செல்கின்றது. ரயில்வேக்காரனுக்கு வண்டியைக் கண்டால் வரலாறு கேட்காமல் இருக்க முடியுமோ? இத்தீவில் இருப்புப்பாதை 1864-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கரும்பையும் சர்க்கரையையும் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதற்பணி. மோட்டார் வண்டிகள் பெருகவே, 1956-இல் பயணிகள் வண்டி நின்றது, 1964-இல் சரக்கு வண்டியும் நின்றது, தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக வண்டியின்றிக் கிடந்த அப்பாதையைப் பெரும்பாலும் ஒட்டியே இன்றைய மின்வண்டிப் பாதை அமைந்துள்ளது. இந்திய அரசின் பொருளுதவியோடு இந்திய நிறுவனம் ஒன்று அதனைக் கட்டிற்று. 2019-இல் தொடக்கவிழா நடைபெற்றது. 2022-இல் மேட்டுநிலத்து நகரமான கியூர்பிப் வரை பாதை எட்டியது. துறைமுகத்திலிருந்து கியூர்பிப் வரை 26 கிலோமீட்டர். அதற்குள் 500 மீட்டருக்கு மேல் ஏற்றம். வண்டி சிறிது, தூய்மை பெரிது.

மலைச்சரிவில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டேன். 'கோரமண்டல்' என்று எழுதியிருந்தது! நம் கரக்பூர் நிலையத்து ஒலிபெருக்கியில் நாள்தோறும் கேட்கும் பெயர் அல்லவா அது? சோழமண்டலம் என்னும் நம் கரையின் பெயரே ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் ஆயிற்று என்பர். அந்தப் பெயர் கடலைக் கடந்து சென்று, எரிமலைச் சரிவில் ஒரு சிற்றூருக்கு ஆகி, இன்று அந்நிலையத்துக்கும் ஆகியிருக்கின்றது. பக்கத்தில் இருந்த மாணவனிடம், "இப்பெயருக்குப் பொருள் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "அது ஊரின் பெயர்" என்றான். வேறொன்றும் அவன் அறிந்திலன்.

பதினாறு படிகள்

போர்ட் லூயிஸில் இறங்கித் துறைமுகத்தை அடைந்தேன். பின்னே கூர்த்த மலைகள் அரைவட்டமாய் நிற்கின்றன, முன்னே கடல். கரையோரத்தில் கருங்கற் கட்டடங்கள் சில எஞ்சியுள்ளன. இவ்விடத்துக்கு ஆப்பிரவாசி காட் என்று பெயர். குடியேறியோர் துறை என்பது பொருள். முன்பு இதனைக் 'கூலி காட்' என்றே வழங்கினர். எஞ்சியிருக்கும் பரப்பு 1,640 சதுர மீட்டரே. 2006-ஆம் ஆண்டு இது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. பார்க்கக் கட்டணம் இல்லை.

மொரீசியஸில் அடிமைமுறை 1835-இல் ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். அதனால் 1834 முதலே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினர். கல்கத்தா, சென்னை, பம்பாய் என மூன்று துறைகளிலிருந்தும் ஆட்கள் சென்றனர். 1910 வரை சென்றவர்கள் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. நம்மவருக்கு இத்தீவு அதற்கு முன்பே அறிமுகம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கற்கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்துத் துறைமுக நகரை எழுப்பினர்.

கடலிலிருந்து மேலேறும் கற்படிகளை எண்ணினேன், பதினாறு. படகிலிருந்து இறங்கியவர்கள் இப்படிகளில் ஏறி உள்ளே வந்தனர். உணவும் மருத்துவச் சோதனையும் இங்கேயே. ஓரிரு நாளில் தோட்டத்துக்குப் பிரித்தனுப்பினர். ஆளுக்கு ஓர் எண். பேரேட்டில் ஒரு வரி. பிற்காலத்தில் ஒரு நிழற்படம். ஒப்பந்தம் ஐந்தாண்டு, தொடக்கக் காலத்தில் ஆணுக்கு மாதக் கூலி ஐந்து ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வாராவிடின் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பர். 'இரட்டை வெட்டு' என்று அதற்குப் பெயர். சம்பளப் பட்டியல் எழுதிப் பழகிய எனக்கு அந்தக் கணக்கைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

அந்தப் பேரேடுகள் அழியவில்லை. மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தம் முன்னோர் எந்த மாவட்டத்தார், எந்தக் கப்பலில் வந்தார் என்று இன்றும் பேரர்கள் சென்று தேடுகின்றனர். எழுதியவனோ வேற்று மொழிக்காரன். காதில் விழுந்தபடி எழுதினான். வீராசாமி 'விராசோமி' ஆனார். முத்து 'மூட்டூ' ஆனார். எழுதிய எழுத்தே குடும்பப் பெயராய் நிலைத்துவிட்டது. நம் பெயர்களும் வடநாட்டுப் பட்டியல்களில் படும் பாடு நமக்குத் தெரியாததா? ஆனால் நம்மால் திருத்தச் சொல்ல முடிகின்றது. படியேறி வந்தவனுக்கு எழுதியதைப் படிக்கவும் வழியில்லை.

சந்தையில் கேட்ட சொற்கள்

துறைக்குச் சற்றுத் தொலைவில் நகரச் சந்தை இருக்கின்றது. கீரைக் கடைகளின் இடையே நடந்தபோது காதில் தேன் பாய்ந்தது. ஒரு மூதாட்டி கடைக்காரனிடம் 'கொத்தோமிலி' கேட்டாள். அவன் கொத்துமல்லிக் கட்டை எடுத்து நீட்டினான். கறிவேப்பிலைக்குக் 'கரிப்புலே' என்கின்றனர். முருங்கைக் கீரை அங்கே 'பிரெட் முரூங்', பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. இந்துக்கள் மட்டுமல்லர், ஆப்பிரிக்கர் வழிவந்தோரும் சீனர் வழிவந்தோரும் இவ்வாறே கூறுகின்றனர். அவை இப்போது அத்தீவின் பொதுமொழியாகிய கிரியோலின் சொற்கள். அம்மூதாட்டியிடம் தமிழில், "அம்மா, எந்த ஊர்?" என்றேன். அவள் புன்னகை புரிந்து கிரியோலில் ஏதோ விடை கூறினாள். பேச்சு போயிற்று, சமையற்கட்டில் மட்டும் சில சொற்கள் தங்கிவிட்டன.

அணைந்த அடுப்பு

மறுபடியும் மின்வண்டி ஏறிக் கியூர்பிப் சென்றேன். துறைமுகத்தில் வெயில்; இங்கே சாரலும் மூடுபனியும். நம் ஆடி மாதம் அங்கே குளிர்காலம். அக்காள் குடை கொடுத்தனுப்பியதன் காரணம் அப்போது விளங்கிற்று. நகரை விட்டு மேட்டில் ஏறினால் 'த்ரூ ஓ செர்' என்னும் எரிமலை வாய். மான்களின் குழி என்பது பிரெஞ்சுப் பெயரின் பொருள். கடல் மட்டத்திற்கு மேல் 600 மீட்டருக்குச் சற்று அதிகம். வாயின் அகலம் 300 மீட்டருக்கு மேல்; நம் கரக்பூரின் நீண்ட நடைமேடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆழம் சுமார் 80 மீட்டர். விளிம்பைச் சுற்றி நல்ல சாலை போட்டிருக்கின்றனர்.

எட்டிப் பார்த்தால் தீயுமில்லை, புகையுமில்லை. உட்சரிவு முழுதும் அடர்ந்த மரங்கள், அடியில் சேறும் சிறிது நீரும், பறவைகளின் ஒலி. பல்லாயிரம் ஆண்டுகளாக இத்தீவில் எரிமலை சீறவில்லை. ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு மேல் தலைகாட்டிய நிலம், இப்போது ஆறி அடங்கிக் கிடக்கின்றது. தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கும் ரீயூனியன் தீவிலோ எரிமலை இன்றும் குமுறுகின்றது.

இதில் நமக்கொரு தொடர்பு உண்டு. பூமியின் ஆழத்தில் ஓரிடத்தில் வெப்பம் மேலெழுந்துகொண்டே இருக்க, அதன் மேலுள்ள நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்ததாம். அடுப்பு ஓரிடத்தில் நிற்க, மேலே தோசைக்கல் நகர்வதைப் போலக் கொள்க. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்துக் கரும்பாறைகளை வார்த்தது அந்த அடுப்பே. பின்பு இலட்சத்தீவு, மாலத்தீவு வரிசைக்கு அடித்தளம் இட்டு, மொரீசியஸை எழுப்பி, இப்போது ரீயூனியனுக்குக் கீழே எரிகின்றது என்பது நிலநூலார் பலரின் கொள்கை. மும்பைக்கும் புனேக்கும் இடையே மலையைக் குடைந்து நம் வண்டிகள் செல்லும் சுரங்கங்களின் கல்லும், நான் அன்று உட்கார்ந்து கட்டுச்சோறு உண்ட விளிம்புக் கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவை. உலகம் பெரிது; உறவும் பெரிது!

ஏரியும் ஏழு வண்ண மண்ணும்

கியூர்பிப்பில் வாடகைக் கார் ஒன்றைப் பேசிக்கொண்டேன். ஓட்டியவர் அறுபது வயதைக் கடந்த பெரியவர். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. தேயிலைத் தோட்டங்களினூடே சென்று கங்கா தலாவ் என்னும் ஏரியை அடைந்தோம். இதுவும் ஓர் எரிமலை வாயே. மழைநீர் நிரம்பி ஏரியாயிற்று. 1898-இல் சிவராத்திரிக்கு முதன்முதலாக அடியார்கள் நடந்து வந்தனர். 1972-இல் கங்கை நீரைக் கொணர்ந்து கலந்தனர். இன்று சிவராத்திரியின்போது இலட்சக்கணக்கானோர் கால்நடையாகவே வருகின்றனர். நுழைவாயிலருகே 33 மீட்டர் உயரத்தில் சிவபெருமான் திருவுருவம் நிற்கின்றது. கரையில் வீசிய காற்றில் விளக்குகள் அணைவதும், பக்தர் மீண்டும் ஏற்றுவதுமாக இருந்தன.

அங்கிருந்து காட்டு வழியே சமரெல். ஏழு வண்ண மண் என்று புகழ்பெற்ற மேடுகள் இங்குள்ளன. சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று அலையலையாய்க் கிடக்கின்றது மண். எரிமலைக் கல் நாளடைவில் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, இரும்புச் சத்தும் அலுமினியச் சத்தும் எஞ்சியதால் இவ்வண்ணங்கள் தோன்றினவாம். அழகு மிகுதி; ஆயின் அம்மேடுகளில் ஒரு புல்லும் முளைப்பதில்லை.

மேற்குக் கரைக்கு இறங்கும் வழியில் லெ மோர்ன் மலை தெரிந்தது. உச்சி 556 மீட்டர், செங்குத்தான பாறை. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இம்மலையில் ஒளிந்து வாழ்ந்தனர். 2008-இல் இதுவும் உலக மரபுச் சின்னமாயிற்று. பெரியவர் காரை நிறுத்தி அதனைச் சுட்டிக்காட்டி, "முதலில் அவர்கள்; பின்பு நாங்கள்" என்றார்.

கற்குவியல்கள்

மாலை வெயிலில் கரும்பு வெட்டும் வயல்களைக் கடந்தோம். வெட்டி முடிந்த நிலத்தில் ஒரு விந்தை கண்டேன். வயலின் நடுநடுவே கருங்கற்கள் கூம்பாகவும் நீண்ட மதிலாகவும் குவிந்திருந்தன. சில, வீட்டுக் கூரையினும் உயரம். கோட்டையின் இடிபாடோ என்றெண்ணினேன். பெரியவர் சிரித்தார். "எரிமலை கக்கிய கல் இந்நிலம் முழுதும் கிடந்தது. கல்லை எடுத்தால்தான் கரும்பு. என் பாட்டனும் அவருக்கு முன்னோரும் கையால் பொறுக்கிச் சுமந்து வந்து குவித்தவை" என்றார்.

இறங்கிச் சென்று ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். மார்பளவு உயர்த்தவே மூச்சு வாங்கிற்று. தீவைப் படைத்தது எரிமலை. அதனை வயலாக்கியது இக்கைகள். கல்வெட்டு இல்லை, பெயர் இல்லை; கல் மட்டும் இருக்கின்றது. பிற்காலத்தில் இயந்திரங்கள் வந்து பல குவியல்களை அகற்றிவிட்டன. எஞ்சியவற்றின் மேல் செடிகொடி படர்ந்துள்ளது.

நூறு ரூபாய்

ரோஸ் ஹில்லில் இறங்கி வாடகை எண்ணிக் கொடுத்தேன். மொரீசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழும், அதற்கும் அடுத்தபடி இந்தியும் அச்சிட்டிருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் தமிழ் வழிவந்த வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரெங்கநாதன் சீனிவாசன். அவர் பெயரும் அங்கே 'ரெங்கநாடென் சினிவாசென்' என்றே ஒலிக்கின்றது. 1998-இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது. தமிழ் வழியினர் கிளர்ந்தெழுந்தனர். அந்நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சாயின.

பெரியவர் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை விரித்துத் தமிழெழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதற்காக நானும் கூட்டத்துக்குப் போனேன். ஆண்டுதோறும் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுக்கிறேன். இந்த எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. நீங்கள் படித்துக் காட்டுவீர்களா?" என்றார்.

"நூறு ரூபாய்" என்று படித்தேன்.

அவர் திருப்பிச் சொன்னார். 'நூறு' நன்றாக வந்தது. 'ரூபாய்' சற்றுத் திரிந்தது. மும்முறை சொல்லிச் சரிசெய்துகொண்டார். "என் பேத்தி பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்திருக்கிறாள். இன்று இரவு நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்" என்று கூறி விடைபெற்றார்.

அவரைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. அவர் முன்னோர்க்குப் பள்ளியில்லை, தாயகத்தோடு தபால் தொடர்பும் அரிது. ஞாயிறு முதல் சனி வரை கல்லும் கரும்புமே வாழ்வு. அந்நிலையிலும் கோயிலைக் காத்தனர், காவடியைக் காத்தனர், தைப்பூசத்தை அரசு விடுமுறை ஆக்கினர். ஆனால் வீட்டில் பேசுகின்ற பேச்சு மட்டும், எவரும் கையெழுத்திட்டுக் கொடுக்காமலே, தலைமுறைக்குச் சிறிதாகக் கழன்றுவிட்டது. போன மொழியைப் பேத்தி இன்று பாடப்புத்தகத்தில் தேடுகின்றாள்.

நம் குடியிருப்பை எண்ணிப் பார்த்தேன். நமக்கு இரவு ஏறி மறுநாள் சென்னையில் இறங்க வண்டி இருக்கின்றது. பாட்டியோடு நாள்தோறும் பேசத் தொலைபேசி இருக்கின்றது. ஆயினும் தாய் தமிழில் கேட்கப் பிள்ளை இந்தியில் விடை கூறும் வீடுகள் நம்மிடையே எத்தனை? விடை கூறுகின்றதே என்று நாம் மகிழ்ந்து அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அங்கே 'கொத்தோமிலி' மட்டும் எஞ்சியதும் இப்படி ஒரு விடையிலிருந்தே தொடங்கியிருக்கும்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். இந்தியர் முன்கூட்டி விசா பெற வேண்டுவதில்லை. அங்கே இறங்கியபின் தருகின்றனர். துறைமுகத்தையும் கியூர்பிப்பையும் மின்வண்டியிலேயே காணலாம். ஏரிக்கும் சமரெலுக்கும் கார் வேண்டும். வெயில் அடித்தாலும் மேட்டுநிலத்துக்குக் குடை மறவற்க.

அந்நாட்டு நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மாற்றாமல் கொண்டுவந்திருக்கிறேன். அதில் தமிழெழுத்தோடு தமிழ் எண்ணும் இருக்கின்றது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் எவரும் மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டுக்கு வந்து அதனைப் பார்க்கலாம். உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.